சூப்பர்வைசருக்கு ஓர் எலும்பு

ரூம் கேட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கோழிக் குழம்பை ஊற்றிவிட்டுச் சந்திரம்மாள் அடுப்படிக்குள் போனாள். போனது பேருக்குத்தான், கண்ணும் காதும் வாசலிலேயே இருந்தன. கார் கம்பெனி வந்த புதிதில் பென்னலூரில் அவள் கட்டிய ஆறு ரூம்களில் ஒன்று கேட்டு எவன் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மதியம் வா என்பாள். எந்த ஊர், என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்கமாட்டாள். சோறு போடுவாள். எதிரே நாய் உட்கார்ந்திருக்கும்.

அந்தச் செவலை நாய்க்குக் குடியிருக்கும் பையன்கள் வைத்த பெயர் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வருகிற ஒவ்வொருவனையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடும். தட்டிலிருந்து அதற்கு ஓர் எலும்பாவது போடுகிறவனுக்கு ரூம் உண்டு. போடாதவன் சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டியதுதான்.

"ஒரு எலும்பு குடுக்காதவன், பின்னால வர்றவனுக்கு ஒரு பக்கெட் தண்ணி வுடுவானா?" என்பாள். ஆறு ரூமுக்கும் ஒரே பாத்ரூம் என்ற வீட்டில் இதற்கு மறுபேச்சு கிடையாது.

இரண்டாவது ரூம் அருள்பாண்டி, டிவியில் பார்த்ததை ஒருநாள் அவளுக்கு விளக்கினான்: ஆதி மனிதன் நெருப்போரம் எலும்பை வீசினான், ஓநாய் கிட்டே வந்து நாயாகிவிட்டது.

"அட போடா. நாய் வந்தப்பறம்தான் மனுசனே மனுசனாயிருப்பான். அதுவரிக்கும் தனித்தனியாத் துன்னுகினு இருந்திருப்பான்" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். அதோடு அவன் டிவி பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

இந்த ஞாயிறு வந்தவன் தங்கமாரி, சங்கரன்கோவில் பக்கம். மறுநாள் காலையில் வேலைக்குச் சேரவேண்டும். கல்யாணமாகாதவனுக்கு ரூம் இல்லையென்று தெருவே கைவிரித்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். கறியைத் தின்றான், எலும்பையும் நொறுக்கி விழுங்கினான், தட்டை வழித்தான். சூப்பர்வைசருக்கு ஒன்றுமில்லை.

சந்திரம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்தாள்.

"இன்னாப்பா, எதிர்க்க ஒரு ஜீவன் குந்திகினு கீது, கண்ணுக்குத் தெரில?"

அப்போதுதான் அவன் நாயைப் பார்த்தான். பதறிப்போனான்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதுதான் அக்கா. பசியில ஒண்ணுமே தெரியல."

சோறு போடுமுன் பசிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்கு மறுபடி ஊற்றினாள். தனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தன் தட்டிலிருந்த கோழிக்காலை முழுசாக எடுத்து நாயின் முன்னால் வைத்தாள்.

"துன்னு. இது இந்தத் தம்பி போட்டது."