மேய்ச்சலில் மக்காத சாணி

மலேசியாவில் பெடாஸ் ஊரைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்து நிலத்தில் நான் மாட்டுப் பண்ணை வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே மாடே கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டியபின் மறுநடவு செய்யாமல் பல வருஷம் சும்மா விட்டிருந்தார்கள். இடுப்பளவு லாலாங் புல், இடையிடையே புதர், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள். சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளி அதை மேய்ச்சல் நிலமாக்க வந்தார்.

முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அந்த லாலாங்குக்கு மருந்தடித்த நான்கு பெண்களில் நானும் ஒருத்தி. புதரையும் மரங்களையும் புல்டோசர் சாய்த்தது. உழுத நிலத்தில் ஒரே வகைப் புல்லை நட்டோம். அது தழைத்து நின்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மற்ற மூன்று பேரும் போன பிறகு, மாடுகளைப் பார்த்துக்கொள்ள முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.

மாடுகள் வந்து சில மாதங்களில் எனக்கு ஒன்று உறைத்தது. போட்ட சாணி போட்ட இடத்திலேயே கிடந்தது. முன்பு நிலம் சும்மா கிடந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மாடுகள் இந்தப் புதருக்குள் வந்து மேயும். ஓரிரு நாளில் அந்தச் சாணி உதிர்ந்து மண்ணோடு போய்விடும். இப்போது வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகி வாரக்கணக்கில் கிடந்தது. அதைச் சுற்றியுள்ள புல்லில் மாடு வாய் வைக்கவில்லை. ஈ பெருகியது. ஈ மொய்த்து ஒரு கன்றுக்குட்டியின் கண்ணில் நீர் வடிந்து, கருவிழியில் வெள்ளை படர்ந்தது.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்னம்மா, கூட்டி அள்றதே இல்லையா?"

"தினமும் அள்றேன் மொதலாளி. இவ்வளவு பெரிய காட்டை ஒரு ஆளு எப்படி அள்ள முடியும்?"

அவர் காரில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாகக் கன்றின் கண்ணைப் போய்ப் பார்ப்பேன். மாட்டு மருத்துவர் கொடுத்த மருந்தை நானே விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் ஒரு பெண், முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். பூச்சிகள் வந்து விழுவதற்காகப் பிளாஸ்டிக் கோப்பைகளைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, மேலே கொஞ்சம் சாணியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். பாதிக் கோப்பைகள் மேய்ச்சல் நடுவில். மீதி, கால்வாய் ஓரத்தில் புல்டோசர் இறங்க முடியாமல் விட்டுப்போன புதர்க்காட்டில்.

மறுநாள் கூடவே போனேன். மேய்ச்சல் கோப்பைகளில் ஒரே மாதிரியான சின்ன வண்டுகள் சில கிடந்தன. சிலவற்றில் அதுவும் இல்லை. கால்வாய் ஓரத்துக் கோப்பைகளில் கறுப்பு, பழுப்பு, பச்சை மினுக்கு, தலையில் கொம்பு வைத்தது என்று பலவகை வண்டுகள் ஊர்ந்தன.

"இதெல்லாம் சாணி வண்டுங்க, அக்கா. சாணிய மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போறது இதுங்கதான். நெழலும் பொதரும் போனா, சூட்டுல அங்க நிக்காதுங்க."

"நாங்க அடிச்ச மருந்தால செத்துச்சா?"

"அது மட்டும்னு சொல்ல முடியாதுக்கா. எடமே மாறிப் போச்சு இல்லையா? மத்த நாட்டுல சவன்னான்னு சொல்ற, அங்கங்க மரம் நிக்கிற புல்காட்ட மேய்ச்சலா மாத்துற எடத்துலயும் இப்படித்தான் வண்டு கொறையுதுன்னு சொல்றாங்க."

அவள் சொன்னது ஆறுதலாக இருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அந்தக் கால்வாய் ஓரத்தையும் சுத்தம் செய்ய நீளக் கை வைத்த வேறொரு இயந்திரம் வருவதாக முதலாளி ஏற்கனவே சொல்லியிருந்தார்.

அதை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் கேட்கப் போவதாக, பாரோய் ஊரில் லோரி ஓட்டும் என் கணவரிடம் சொன்னேன்.

"நமக்கு ஏன் வம்பு? வண்டுக்காக நீ வேலைய விடப்போறியா லா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் கன்றின் இன்னொரு கண்ணிலும் நீர் வடிவதைக் கண்டதும் முதலாளிக்கு ஃபோன் போட்டுவிட்டேன்.

"ஒரு தடவ வந்து பாருங்க மொதலாளி. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்."

மத்தியானம் வந்தார். மேய்ச்சல் நடுவில் ஒரு சாணியைக் குச்சியால் புரட்டினேன். அடியில் புல் மஞ்சளாகச் செத்திருந்தது. பிறகு கால்வாய் ஓரத்துக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் ஒரு பசு அங்கே போட்டிருந்த சாணி புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கொம்பு வண்டு வெளியே வந்து மறுபடியும் மண்ணுக்குள் இறங்கியது. முதலாளி கைலியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா வேலை செய்யுது?"

"ஆமா மொதலாளி. இந்தப் பொதர மட்டும் விட்டுடுங்க."

"சரி. ஒரு வருஷம் பாப்போம். புல்லு போதலன்னா இந்தப் பொதரத் தள்ளிடுவேன், அப்ப பேசக்கூடாது."

இயந்திரம் வரவில்லை. கன்றுக்கு ஒரு கண் தேறியது, மற்றது போய்விட்டது. புதரை ஒட்டிய பகுதியில் இப்போது சாணி சீக்கிரம் உதிர்கிறது. நடு மேய்ச்சலில் இன்னும் நான்தான் மண்வெட்டியோடு அள்ளுகிறேன். நிழலுக்கென்று முதலாளியைக் கேட்டு அங்கே சில மரக்கன்றுகள் வைத்தேன். மாடுகள் பாதியை மிதித்துவிட்டன, மீதிக்கு வேலி கட்டியிருக்கிறேன்.

அந்த ஒரு வருஷம் அடுத்த மாதம் முடிகிறது. புதரை விடுவாரா, தள்ளுவாரா என்று முதலாளி இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.