ஹெத்னா மாட்டேன் என்றாள்

சோல்பிரிட் இறந்து ஆறு வாரம் ஆகிறது. அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது பேசியவர்கள் எல்லோரும் அவளுடைய பட்டாணி சூப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நார்ஷோப்பிங்கில் ஒரு பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம், வியாழன் தவறாமல், முந்நூறு பிள்ளைகளுக்கு அவள் அந்த சூப்பை வைத்தாள். நல்ல சூப்தான். அவளுடைய அண்ணன் ஏவெர்ட் மட்டும், "ஓய்வு நேரத்துல வீடியோ கேம்ல அவளுக்கு ஆர்வம் உண்டு" என்று ஒரு வரி சேர்த்தார். ஜன்னலோரத்தில் செடி வளர்ப்பதைச் சொல்வது போன்ற குரலில்.

ஆர்வமாம். பதினோரு வருடம் அவள் ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டாள். அந்தப் பெண் உலகத்தில் இல்லாதவள் என்பதால் அது சண்டையே இல்லை என்று ஆகிவிடாது.

சோல்பிரிட் நாற்பத்து மூன்று வயதில் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பத்து வாரம் வீட்டில் கிடந்தபோது தொடங்கியது இது. பழைய சாமான் சந்தையில் யாரோ விற்ற விளையாட்டுக் கருவியை நான்தான் வாங்கி வந்தேன். கூடவே ஒரு விளையாட்டின் குறுந்தட்டு இருந்தது: 'எட்டாம் கரை'. வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டைக் கடந்து போக வேண்டும். வழியில் ஆறு பேர் உன்னோடு சேர்வார்கள். அவர்களை விளையாட்டுக்காரர்கள் வழித்துணை என்பார்கள். முகாமில் நெருப்பருகே அவர்களோடு பேசலாம், பரிசு கொடுக்கலாம். பேசப் பேச அவர்களுக்கு உன்மேல் பிரியம் கூடும். பிரியம் நிறைந்ததும் ஐந்து பேர் காதலுக்குச் சம்மதிப்பார்கள். ஆறாவது ஆள் ஹெத்னா. படகோட்டி, ஐம்பது வயது, ஒரு காது கிடையாது. அவளிடமும் கேட்கலாம். அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொல்வாள்: "மாட்டேன். ஆனா எட்டாவது கரை வரைக்கும் உன்கூட வரேன்."

சொன்னபடி வருவாள்.

சோல்பிரிட் முதல் தடவை அந்தப் பதிலைக் கேட்டபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"குன்னெல்! இங்க வா! கத்தியக் கீழ போட்டுட்டு வா!"

"யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல. ஒருத்தி மாட்டேன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு இன்னும் இங்கயே நிக்கிறா, பாரேன்!"

திரையில் ஹெத்னா கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். சோல்பிரிட்டின் முகத்தைப் பார்த்தேன். அந்நிய ஊரில் சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்டவள் மாதிரி இருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவளும் நானும் 1997 முதல் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு நூலகத்தில் வேலை, அவளுக்குப் பள்ளியில். அறை பகிர்ந்துகொள்ள வந்த இரண்டு பெண்கள், அப்படியே இருந்துவிட்டோம். 2003-இல், ஒரு மே மாதத்தில், நான் அவளிடம் கேட்டேன். அவள் மாட்டேன் என்றாள். யாரையும் அப்படி நினைக்க அவளுக்கு வரவில்லை, என்றைக்கும் வந்ததில்லை என்றாள். நான் வேறு வீடு பார்க்க வேண்டும் என்றேன். "எதுக்கு?" என்று கேட்டாள், உண்மையிலேயே புரியாமல். மறுநாள் காலை எப்போதும் போல இரண்டு குவளையில் காப்பி ஊற்றி வைத்தாள். அதற்குப் பிறகு இருபது வருடம் ஊற்றினாள்.

ஊர் அவளை விடவில்லை. சமையலறைப் பெண்கள் கேட்பார்கள், "அப்ப நீங்க ரெண்டு பேரும் என்னதான்?" அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பார், "இன்னும் யாரும் அமையலையா?" என்னைத் தாண்டித்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார், உப்பு ஜாடியைத் தாண்டிக் கை நீட்டுவது போல. அவள் வாழ்க்கையில் ஏதோ ஒன்று இன்னும் வரவில்லை, வந்தால்தான் முழுசு என்று எல்லோரும் நல்ல மனதோடு நம்பினார்கள். ஹெத்னாவைப் பற்றியும் விளையாட்டுக்காரர்கள் அதையேதான் நம்பினார்கள்.

இணைய மன்றத்தில் நடந்த சண்டையைக் கொஞ்ச நாள் நானும் படித்தேன். 'இவ்வளவு பரிசு கொடுத்தும் மாட்டாளாம், ஏமாற்று வேலை.' 'அவளுக்குப் பழைய சோகம் இருக்கும், சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தால் திறக்கும்.' 'காதல் இல்லாத துணை பாதி எழுதிய பாத்திரம்.' எல்லாவற்றுக்கும் கீழே சோல்பிரிட் பதில் போடுவாள், மதிய உணவு முடிந்து பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடுகிற இருபது நிமிடத்தில். 'அவள் பூட்டு இல்லை, நீ சாவி தேட.' அவளைத் திட்டியவர்கள் நிறையப் பேர். கிழவி என்றார்கள், காதலின் எதிரி என்றார்கள். அவள் மற்ற ஐந்து பேருடைய காதல் கதைகளையும் ஆசையாக விளையாடியவள். பாட்டுக்காரன் லோரனுக்காக அழுதிருக்கிறாள். அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் நாட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தை விரும்பினால் சங்கம் வைத்துவிடுவார்கள். எட்டாம் கரைக்கும் சங்கம் உண்டு: விதிமுறை, தலைவர், செயலாளர், ஆண்டுக் கூட்டம், தட்டுவதற்கு ஒரு மரச் சுத்தியல். போன வருடம் விளையாட்டின் மறுபதிப்பு வருவதாகச் செய்தி வந்தது. தயாரிப்பவர்கள் ரசிகர் சங்கங்களின் கருத்தைக் கேட்டார்கள். செயலாளர் டோர்கெல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: மறுபதிப்பில் ஹெத்னாவும் காதலிக்கக் கூடியவளாக இருக்க வேண்டும்.

அது நிறைவேறிவிட்டால் அந்த 'மாட்டேன்' உலகத்திலிருந்தே போய்விடும். சோல்பிரிட்டுக்கு அதுதான் பயம்.

பிப்ரவரி, சனிக்கிழமை மதியம், சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்; பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் நடக்கிற ஒரு கட்டடத்தின் நிலவறை. சோல்பிரிட்டுக்குப் புற்றுநோய் மருந்தின் முதல் சுற்று முடிந்திருந்த சமயம். தலையில் பச்சைக் கம்பளித் தொப்பி. படியிறங்கக் கை கொடுக்க நான் போனேன். டோர்கெல் வாசலிலேயே நின்றிருந்தான். வரி அலுவலகத்தில் வேலை, நாற்பது வயது, பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

"ஏம்மா சோல்பிரிட், பன் சுட்டுக் கொண்டுவரலையா?"

"உனக்கு ஓட்டும் வேணும், பன்னும் வேணுமா?"

"கடையில வாங்கினதுதான் இருக்கு. மரக்கட்ட மாதிரி."

"அதையே தின்னு. வாய் கொஞ்ச நேரம் வேலையா இருக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்குள் அப்படித்தான்.

நாற்பத்துச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். தலைவி இல்வா சுத்தியலைத் தட்டினாள். டோர்கெல் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். விளையாட்டின் உள்ளே கை வைத்து, ஹெத்னா சம்மதிப்பது போல அவனே ஒரு மாற்றத்தைச் செய்திருந்தான். சுவரில் படம் விழுந்தது. ஹெத்னாவிடம் கேட்டான். அவள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப நாளா இதுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றாள். கூட்டம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள்.

"அது லோரனோட வசனம்," என்றாள் சோல்பிரிட் உட்கார்ந்தபடியே. "நிக்கிற மாதிரிகூட லோரன் மாதிரியே நிக்கிறா, பாரு."

"வேற எங்கேருந்து எடுக்கிறது? சம்மதம் சொல்ற மாதிரி அவளுக்குன்னு பதிவு பண்ணின வசனம் இல்லையே. அது ஒரு மாதிரிக்குத்தான்."

"சரி. மேல போ. எட்டாவது கரைக்குப் போ."

"எதுக்கு இப்ப? நேரம் ஆகுது."

"நேரம் எனக்குத்தான் கம்மி, உனக்கில்ல. போ."

அந்தப் பேச்சுக்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. டோர்கெல் கடைசிக் கட்டத்தைத் திறந்தான். கறுப்புத் தண்ணீர், படகு, எல்லோரும் ஏறியாயிற்று. காதலர்கள் நிற்கும் இடம் படகின் முன்பக்கம். ஹெத்னா அங்கே, டோர்கெல் ஆட்டுவித்த வீரனின் தோளில் தலை சாய்த்து நின்றாள். பின்னால் சுக்கான் தனியாக இருந்தது. படகு நகரவில்லை. டோர்கெல் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். நீர் மட்டும் அசைந்தது. லோரன் ஓரமாக நின்று கொட்டாவி விட்டான்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறை முழுவதும் சிரித்தது.

"சின்னப் பிழை," என்றான் டோர்கெல், காதெல்லாம் சிவந்து. "அவங்க செய்யும்போது சரியா செய்வாங்க."

"பிழை எங்க இருக்கு? அவளுக்கு ஒரு வேலை இருக்கு. உன் தோள்ல சாஞ்சுகிட்டு நின்னா படக யாரு ஓட்டுறது? நீ ஓட்டுவியா?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அப்போதே ஓட்டெடுத்திருந்தால் அவள் ஜெயித்திருக்கக் கூடும். ஆனால் டோர்கெல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "எனக்கு விவாகரத்து ஆன வருஷம் இதை விளையாடினேன். மூணு மாசம் நான் பேசின ஒரே ஆள் அவதான். நெருப்புகிட்ட உக்காந்து எல்லாம் சொன்னேன். கடைசியில கேட்டேன். அவளும் மாட்டேன்னுட்டா. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் அதைத் தொடவே இல்ல. இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக் கூடாது. அவ்வளவுதான்."

சோல்பிரிட் மேசையைப் பிடித்து எழுந்தாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு?"

"என்ன?"

"ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பப் போனியே. அவ எங்க இருந்தா?"

அவன் சுவரில் நின்றிருந்த படத்தைப் பார்த்தான்.

"எங்க இருந்தா, டோர்கெல்?"

"படகுல."

"கூட வந்தாளா, இல்லையா?"

"வந்தா."

"கடைசி வரைக்கும்?"

"வந்தாம்மா. விடு."

"அவ உனக்குக் கொடுத்தது அதுதான். நீ பாட்டுக்கு அதைப் பாதின்னு நெனச்சிக்கிட்டே. அது பாதி இல்ல. எனக்குத் தெரியும்." அப்போது என் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

ஓட்டெடுத்தார்கள். முப்பத்தெட்டுக்கு நான்கு. தீர்மானம் நிறைவேறியது. இல்வா சுத்தியலைத் தட்டும் முன் சோல்பிரிட் கை தூக்கினாள்.

"என் எதிர்ப்பைக் குறிப்புல ஏத்தணும்."

எந்தச் சங்கத்திலும் உறுப்பினருக்கு அந்த உரிமை உண்டு. தோற்றவர் தன் காரணத்தை எழுதிக் கொடுத்தால் அது கூட்டக் குறிப்போடு போகும், தீர்மானம் போகும் இடத்துக்கெல்லாம் போகும். பெரும்பாலானவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து, மரக்கட்டை பன்னைக் காப்பியில் நனைத்துத் தின்றபடி, ஒரு பக்கம் எழுதினாள். டோர்கெல் கோட்டு மாட்டிக்கொண்டு காத்திருந்தான். அவள் எழுத்து புரியாத இடத்தில் கேட்டுக் கேட்டு அவனே சுத்தமாகத் தட்டச்சு செய்து அனுப்பினான். அது அவனுடைய வேலை; அதில் அவன் குறை வைக்கவில்லை.

மறுபதிப்பு அக்டோபரில் வந்தது. ஹெத்னா காதலிக்கக் கூடியவளாக ஆகியிருந்தாள். மன்றத்தில் கொண்டாட்டம். 'கிழவி எங்கே?' என்று பலர் கேட்டார்கள்.

கிழவி வீட்டில் படுக்கையை வரவேற்பறைக்கு மாற்றிப் படுத்திருந்தாள். விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் பொத்தான்களை நான் அழுத்தினேன், அவள் சொன்னாள். "இடது பக்கம். இடது, குன்னெல், உன் இடது எங்க இருக்கு?" பதினேழு நாள் ஆனது. முகாமில் ஒரு காட்சியில் நாங்கள் எதுவும் கேட்காமலே ஹெத்னா எழுந்து எங்களிடம் வந்தாள். புதிய குரல் பதிவு. அவளே கேட்டாள். "உன்கூட இருக்கணும்னு தோணுது. வேற மாதிரி. உனக்கு?"

கீழே மூன்று பதில்கள் தெரிந்தன. எனக்கும். கொஞ்ச நாள் போகட்டும். மாட்டேன்.

சோல்பிரிட் அழுகிறாளோ என்று பார்த்தேன். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது.

"அவ வாயிலயே வெச்சுட்டானுங்க. அவளையே கேக்க வெச்சுட்டானுங்க, பாவிங்க."

"நிறுத்திடவா?"

"எதுக்கு நிறுத்தணும்? மூணாவதை அழுத்து."

"அவ போயிட்டா?"

"போனா நீந்திப் போவோம். அழுத்து."

அழுத்தினேன். ஹெத்னா எங்களைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிரியத்தைக் காட்டும் கோடு ஒரு துளியும் குறையவில்லை. "சரி," என்றாள். "நீரோட்டம் திரும்புது. ஏறு." போய்ச் சுக்கானைப் பிடித்தாள்.

சோல்பிரிட் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மன்றத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'மறுபதிப்பு விளையாடினேன். இந்தத் தடவை மாட்டேன் என்று சொன்னது நான். அவள் போகவில்லை. எட்டுக் கரையும் கடந்தாயிற்று. செயலாளர் இதையும் குறிப்பில் ஏற்றவும்.'

பதினோரு நாள் கழித்து இறந்துவிட்டாள். அந்தப் பதிவின் கீழே இருநூறுக்கு மேல் மறுமொழிகள், பாதிக்கு மேல் அவளைத் திட்டி. செய்தி தெரிந்ததும் இல்வா எனக்கு எழுதினாள்: அவள் ஆத்மா சாந்தியடைய, வேண்டுமானால் அந்தச் சண்டை முழுவதையும் நீக்கிவிடலாம் என்று. நல்ல மனதோடுதான் எழுதியிருந்தாள்.

ஒரு வரிகூட நீக்கக் கூடாது என்று பதில் போட்டேன். திட்டியவர்களுடையதும் இருக்கட்டும். விருப்பமிருந்தால் இன்னும் திட்டட்டும். கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது, பதில் வரும் என்றும் எழுதினேன்.