வாய்க்குள் உரிந்த புறத்தோல்

1950களில் நான் செங்கல்பட்டில் விஞ்ஞான ஆசிரியர்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எபிதீலியத் திசுவை எங்கள் பாடநூல் ‘புறத்தோல் திசு’ என்றது. வாய், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத்தையும் அதுவே போர்த்திக் காக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் இடைமறித்தார்.

“புறம்னா வெளியேய்யா. உள்ளே எப்படி வரும்? தமிழே தெரியாத உம்மை எப்படி நிரந்தரம் பண்றது?”

பிறகு, மாமல்லபுரம் சுற்றிப்பார்க்கும் அவசரத்தில், கொதிக்கும் காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினார்.

“ஐயோ, வாய்க்குள்ள தோலு உரிஞ்சுபோச்சே.”

வகுப்பு வாசலில் நின்றிருந்த பியூன் காதர் பணிவாகக் கேட்டார்: “உள்ள ஏதுங்க ஐயா தோலு? வெளியில தான கீதுன்னீங்க?”

இன்ஸ்பெக்டர் என்னை நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டார். அவர் வாயில் சில நாளில் புதுத்திசு வளர்ந்திருக்கும். அதன் குணம் அது. அன்று அவர்மேல் எனக்கு உரிந்துபோன மரியாதைதான் இன்றுவரை வளரவில்லை.