அப்பாவின் எதிர்க்கட்சி

திரையில் விடை தெரியும் இடத்தை அட்டையால் மறைத்துவிட்டுத்தான் அம்மா கணினியில் கணக்கை ஓட்டுவார். கேட்டால், "விடையைப் பாத்துட்டா மனசு அந்தப் பக்கம் சாஞ்சுடும்டா. அப்புறம் தப்பைத் தேட மாட்டோம்" என்பார்.

பிரபஞ்சத்தின் தூரங்களை அளப்பது அவர் வேலை. விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான இடைவெளிதான் அவருக்கு அளவுகோல். அப்பாவுக்கும் அதே வேலை, வழி வேறு: வெடிக்கும் நட்சத்திரம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அதை வைத்துத் தூரம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் சரியென்றால், பிரபஞ்சத்தை விரிக்கும் இருண்ட ஆற்றல் வலுவிழந்து வருகிறது. இல்லையென்றால், இருவரில் ஒருவர் தப்பாக அளந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் இது முடியாத வழக்கு. "உங்கப்பாவோட மத்தாப்பு" என்பார் அம்மா. "உங்கம்மா வானத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போடறா" என்பார் அப்பா.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். இப்போது சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

சென்ற மாதம் அம்மாவின் ஆய்வுக் குழுவின் காணொளிக் கூட்டத்தில் ஓர் இளம் ஆய்வாளர் சொன்னார்: "மேடம், சாரோட பழைய அளவுகளைத் தூக்கிட்டா எல்லாம் அழகா ஒத்துப்போகுது. இருண்ட ஆற்றல் மாறவே இல்ல. உங்க பக்கம் ஜெயிச்சுடும்."

"ஒத்துப்போகலங்கறதுக்காகத் தூக்குவீங்களா? தப்பு எங்கன்னு காட்டுங்க, நானே தூக்கறேன்" என்றார் அம்மா.

இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னிடம், "பதில் சொல்ல ஆள் இல்லைன்னதும் துணிச்சலைப் பாரு" என்றார்.

நான் ஒளியியல் பொறியாளன். அப்பாவின் தொலைநோக்கியில் இருந்த பழைய வடிகட்டிக் கண்ணாடியை வரவழைத்து, என்னை அளக்கச் சொன்னார் அம்மா. பதிவில் உள்ளதைவிட நீல ஒளியை அது கூடுதலாகத் தடுத்தது. அதனால், அதன் வழியே அளந்த அருகிலுள்ள நட்சத்திரங்கள் அப்பாவின் கணக்கில் உண்மையைவிடச் சற்று மங்கலாகிவிட்டிருந்தன. முடிவை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

"குடு. மூஞ்சியை ஏன் தொங்கப் போட்டுக்கற? அவர் இருந்தா இதுக்குள்ள உன்னைக் குடைஞ்சு எடுத்திருப்பார்."

திருத்தம் போட்டார். கணக்கு ஓடி முடிந்ததும் அட்டையை விலக்கினார். வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது. மறையவில்லை.

"பாதிதான் அவரோடது. மிச்சம் என்னோடதா இருக்கலாம். நிஜமாவே அந்த ஆற்றல் மாறிக்கிட்டும் இருக்கலாம்" என்றவர், "என் தப்பை இனி யார்டா தேடுவா?" என்றார்.

தன் அளவுகள் இருந்த கோப்பைத் திறந்து, கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.