கிழியாத இலைகள்

செராஸில் என் வீட்டு வாசலில், மழைக்கு முந்திய காற்றில் வாழையிலை சரக்கென்று கிழிந்தது. மரம் அசைந்து நின்றது. எனக்குச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கிள்ளான் வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்தது.

அன்று, விடிந்தால் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்திக்குக் கிழிந்த இலையில் சோறு போடக்கூடாதென்று, அப்பா மூன்று வாழைகளின் இலைகளையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"காத்து போறதுக்குத்தான் எல கிழியுது. கட்டிப்போட்டா மரமே சாஞ்சிரும்," என்றார் அம்மா.

"நாளைக்கு மானம் போயிரும் லா."

காற்று ஏறியது. ஜன்னலில் அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். ஓர் இலைகூடக் கிழியவில்லை. குலை தள்ளிய மூன்று மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து விழுந்தன.

மறுநாள் பந்தியில் சம்பந்தி இலையைத் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லையே. உங்க வீட்டு மரமா?"

"ஆமாங்க," என்றார் அப்பா.

அம்மா எழுந்துபோய்க் கொல்லைக் கதவைச் சாத்தினார்.