வெள்ளை ஓடுகளின் பேரினம்

எங்கள் தீவில் எண்ணெய் தேடித் துளையிட்ட காலத்தில், ஆழத்திலிருந்து வரும் கல்துகள்களைக் கழுவி உலர்த்துவது எனது தொழிலாயிருந்தது. அவற்றில் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் கிடைக்கும். பாறையின் வயதை அவையே காட்டும். ஓட்டின் அறைகள் அடுக்கப்பட்ட முறையையும் சுவரின் அமைப்பையும் கொண்டு, அழிந்துபோன பேரினங்களைப் பிரித்தறிய நானாகவே ஒரு நூலைப் பார்த்துப் பழகினேன். அதைக் கண்ட ஆய்வாளர், ஒரு பைத் துகளைச் சரியாகப் பிரித்துத் தந்தால் ஆய்வுகூடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்.

உலர்த்தும் அடுப்புப் பழுதாகியிருந்தமையால், அத்துகள்களை வீட்டு முற்றத்திலே காயவைத்தேன். பிரிக்கையில், கண்ணாடி போன்ற சுவருடைய பழைய ஓடுகளுக்கிடையே பீங்கான் போன்ற வெள்ளை ஓடுகள் சில தென்பட்டன. என் நூலில் அவற்றின் படமில்லை. புதிய பேரினமொன்றைக் கண்டுவிட்டதாகப் பூரித்து, மனைவியை அழைத்து உருப்பெருக்கியில் காட்டினேன்.

"எதிலை காயவைச்சனீங்கள்?" என்றாள்.

"உன்ர கருவாட்டுப் பாயிலை."

அவள் பாயைத் தாளொன்றில் உதறி, விழுந்த கடற்கரை மணலை உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். அதிலும் அதே வெள்ளை ஓடுகள் நிறையக் கிடந்தன.

"இஞ்சாருங்கோ, உங்கட அழிஞ்ச சாதி எங்கட கரையிலை உயிரோட திரியுது," என்று சிரித்தாள்.

வேலை போயிற்றென்றே எண்ணி, மறுநாள் நடந்ததை மறைக்காமல் ஆய்வாளரிடம் சொன்னேன்.

"அப்ப வேலையை அவவுக்கெல்லோ குடுக்க வேணும்?" என்றார். பின்பு அதே ஆழத்துத் துகளில் இன்னொரு பையை நீட்டி, "அடுப்பு திருத்தியாச்சு, இதை இஞ்சையே காயவையும்," என்றார்.

அதைச் சரியாகப் பிரித்துக் கொடுத்தேன். மறுவாரம் ஆய்வுகூடத்தில் எனக்கென்று ஒரு கதிரை போட்டார்கள்.