வளையம் கைக்கு வரும் வரை

பேரன் குளியலறையில் வெந்நீர்ப் பெட்டி மாட்டியிருக்கிறான். குழாயைத் திறந்ததும் சூடான இரும்பு வாசம் வந்தது.

"நல்லா இருக்கா ஆச்சி?"

"கரி வாசம்தான் குறையுதுலே" என்றேன்.

அவனுக்கு எங்கே தெரியும், நான் ரயில் இஞ்சினில் வெந்நீர் பிடித்தவள்.

எழுபதுகளில், உப்பளத்துக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் எங்கள் சின்ன ஸ்டேஷன். நாலைந்து குடித்தனம், ஒரு கிணறு. என் வீட்டுக்காரர் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். ரயில்வே வீடு என்று அம்மா வீட்டில் பீற்றிக்கொள்வேன். மழை உள்ளேயும் பெய்யும் என்று சொன்னதில்லை.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு இஞ்சின் வெந்நீர்தான் எங்கள் வழக்கம். திருச்செந்தூர் வண்டி நின்றதும் வாளியை நீட்டினால், டிரைவர் அண்ணாச்சி ஒரு குழாயைத் திறந்துவிடுவார்.

ஓர் ஐப்பசி அடைமழையில், பக்கத்து வீட்டுச் செல்லக்கனி விடியற்காலை பெண் பெற்றாள். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் முத்தையாவின் பெண்டாட்டி. பெற்றவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. பனைமட்டையெல்லாம் நனைந்து, அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

"ஏளா, குளுருதே" என்று என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பிய்த்துக்கொண்டு வாளியோடு ஓடினேன்.

அன்றைக்கென்று வண்டி தாமதம். உடனே அனுப்பிவிட ஸ்டேஷன் மாஸ்டர் துடித்தார். குழாயோ நூலாக ஒழுகியது.

டிரைவர் கைக்கு ஒரு பிரம்பு வளையம் வந்தால்தான் வண்டி நகரும். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் முத்தையா. தோளில் மாட்டிக்கொண்டு சப்பரம் மாதிரி அசைந்து வந்தான்.

"ஏலே, நடக்கியா நவுருதியா?" என்று கத்தினார் மாஸ்டர்.

"கால்ல முள்ளுய்யா."

"பிளாட்பாரத்துல ஏதுலே முள்ளு?"

"அதத்தான்யா நானும் தேடுதேன்" என்று முத்தையா உட்கார்ந்தே விட்டான்.

டிரைவர் தலையை நீட்டி, "பைய எடுலே, ஒடிஞ்சிரப் போவுது" என்றார்.

வாளி நிறைந்து, "போதும் அண்ணாச்சி" என்று நான் சொன்னதும் முள் தானாக வந்துவிட்டது.

வெந்நீர் பட்டு நடுக்கம் அடங்கியதும் செல்லக்கனிக்கு வாய் திரும்பியது. "நான் ரயிலை நிறுத்திக் குளிச்சவளாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

கரி வண்டி போய் டீசல் வந்தது. இப்போது ஓடுவது கரண்டு வண்டி. எங்கள் ஸ்டேஷனில் நிற்பதே இல்லை. வளையமும் இல்லை, முத்தையாவும் இல்லை.

போன தை மாதம் ஆஸ்பத்திரியில் செல்லக்கனி, "ஏளா, குளுருதே" என்றாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்; போய்விட்டாள். முத்தையா இருந்திருந்தால், வளையத்தைக் கொடுக்காமல் எங்கேயாவது உட்கார்ந்து முள் எடுத்திருப்பான்.